சீப்பு பில்டிங்

டொளக்.

கண்ணைத் திறக்காமலே சிகாமணிக்குத் தெரிந்துவிட்டது, வாளி முக்கால் நிறைந்திருக்கிறது. காலித் தகர வாளியில் விழுகிற சொட்டு டங் என்று விழும், பாதியில் டப், முக்காலுக்கு மேல் இந்த டொளக், யாரோ எதிரே உட்கார்ந்து வேண்டுமென்றே எச்சில் விழுங்கிக் காட்டுகிற மாதிரி. ஒன்று, இரண்டு, மூன்று. பதினொன்று எண்ணினால் அடுத்தது. எண்ணக் கூடாது என்று முடிவு செய்து அரை மணி நேரம் ஆகிறது, ஆனாலும் தலைக்குள் ஒருவன் உட்கார்ந்து எண்ணிக்கொண்டே இருக்கிறான், வேலையத்தவன், ஒன்பது, பத்து, டொளக். மழை நாலரைக்கே நின்றுவிட்டது. மழை நின்றால் சொட்டும் நிற்க வேண்டும், அதுதானே மரியாதை, இது மட்டும் மழையோடு சம்பந்தமே இல்லாத மாதிரி தன் பாட்டுக்குக் கொட்டிக்கொண்டிருக்கிறது. நிற்காது, அவனுக்குத் தெரியும். ஏன் நிற்காது என்பதும் தெரியும், ஒன்பது நாளாகத் தெரியும், அந்த ஒன்பது நாளையும் அவன் சட்டைக்குள் தேள் மாதிரி வைத்துக்கொண்டு திரிகிறான். கண்ணைத் திறந்தான். பதினோராம் மாடி ஹால், மேசைகள் மேல் பிளாஸ்டிக் தாள் போர்த்தி, பிணவறை மாதிரி. தெற்கு ஜன்னலோரம் மேல் தளத்தில் ஈரம் ஒரு இந்தியா வரைபடம் போலப் படர்ந்து, கன்னியாகுமரி இருக்க வேண்டிய இடத்திலிருந்து சொட்டு. வெளியே துறைமுகத்துப் பக்கம் வானம் சாம்பலாக வெளுத்திருந்தது, கிரேன் விளக்குகள் இன்னும் எரிந்தன. மணி ஐந்தே முக்கால். ஏழு மணிக்கு ஷிப்ட் முடியும், முடிந்தாலும் போக முடியாது, ஒன்பதரைக்கு கன்சல்டன்ட்டுகளும் வங்கியின் கட்டடக் கமிட்டியும் வருகிறார்கள், அவர்கள் வரும்போது அவன் இருக்க வேண்டும் என்று உத்தரவு, சட்டைப் பையில் கோவர்த்தனன் சார் கொடுத்த காகிதம் நாலாக மடிந்து மார்பில் குத்திக்கொண்டு. வாளியை மாற்ற வேண்டும். இதோ எழுந்திருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு எழுந்திருக்காமல் தூணில் சாய்ந்தே இருந்தான்.

இருபத்துமூன்று வருஷம். வந்தபோது ஒரு குறடும் டெஸ்டரும் மட்டும்தான் தெரியும், பத்தாவதில் கோட்டை விட்டவன், கான்ட்ராக்டில் நைட் எலக்ட்ரீஷியன், பிறகு பம்பும் அவனே, பைப்பும் அவனே, பிறகு எது கெட்டாலும் கூப்பிடு சிகாமணியை. முழுப்பெயர் தெய்வசிகாமணி, அதைச் சொல்வது வோட்டர் கார்டு மட்டும். பதினாறு மாடி, ஊருக்குள் இது வந்தபோது பீச் ஸ்டேஷனில் இறங்குகிறவர்கள் நின்று அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான் போவார்களாம். கீழே சுவரே கிடையாது, மொத்தக் கட்டடமும் யானைக்கால் மாதிரி இருபது தூண்கள் மேல் தூக்கி நிறுத்தி, ரோட்டிலிருந்து பார்த்தால் அந்தப் பக்கம் கப்பல் புகைபோக்கி தெரியும். பூச்சு கிடையாது, பெயின்ட் கிடையாது, வார்த்த காங்கிரீட்டைக் கட்டியவன் அப்படியே விட்டுவிட்டான், பலகையின் ரேகை, ஆணித்தலை, மரக்கணு எல்லாம் அச்சாக விழுந்திருக்கும், நாலாம் மாடிப் படிக்கட்டில் ஒரு கணு அச்சு அசல் மாட்டுக்கண். தெற்கிலும் வடக்கிலும் மாடிக்கு மாடி மூன்றடி வெளியே தளம் நீட்டி, அதன்மேல் ஆளுயரத்துக்கும் மேலாகக் காங்கிரீட் பலகைகள் வரிசையாக, கொஞ்சம் கோணலாகத் திருப்பி நிறுத்தியது. வெயில் வராது, வெளிச்சம் வரும், காற்று வரும். அந்தப் பலகைகளைப் பார்த்துவிட்டுத்தான் பஸ் கண்டக்டர்கள் வங்கிப் பெயரைத் தூக்கிப் போட்டுவிட்டு சீப்பு பில்டிங் சீப்பு பில்டிங் என்று கத்த ஆரம்பித்தது, டிக்கெட்டில் வேறு பெயர் இருந்தாலும் வாயில் இன்றைக்கும் சீப்புதான். தூக்கம் வராத ஷிப்டுகளில் பேஸ்மென்ட்டில் கிடந்த பழைய வரைபடங்களை விரித்து வைத்துக்கொண்டு அவன் இந்த ஆளைப் படித்தான். ஆள் என்றால் கட்டியவன். மூலையில் கே.எஸ். என்று இரண்டெழுத்து, அவ்வளவுதான், முகம் தெரியாது, இருக்கிறானா செத்தானா தெரியாது. ஒரு கோடு என்ன என்று தெரியாவிட்டால் டார்ச்சை எடுத்துக்கொண்டு அந்த இடத்துக்கே போய் நின்று பார்த்துவிட்டு வருவான். புள்ளிக்கோடு மறைந்திருக்கிற பீம். சரிந்த கோடு வெட்டுமுகம். மேற்கே லிப்டையும் கக்கூஸையும் ஏன் அடுக்கினான்? சாயங்கால வெயிலுக்கு முதுகு கொடுக்க. எல்லாம் தானாகவே கற்றது, யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, அதில்தான் அத்தனை திமிர். இன்ஜினியர்களே சில சமயம் கேட்பார்கள், சிகாமணி, இந்த டக்ட் எங்கே போய்த் திறக்குது? சொல்லுவான். சொல்லும்போது முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொள்வதற்குத்தான் பாடு.

டொளக். அந்தத் திமிர்தான் இப்போது வாளியில் விழுந்துகொண்டிருக்கிறது. யோவ் கே.எஸ்., உனக்கென்ன கேடு? கைப்பிடி எத்தனை அங்குலம் என்று எழுதினாய். தரையில் பதித்த பித்தளைப் பட்டை எத்தனை கனம் என்று எழுதினாய். ஐந்தாம் மாடி ஆண்கள் கழிப்பறையில் கண்ணாடி எந்த உயரத்தில் மாட்ட வேண்டும், அதைக்கூட அழகாக அம்புக்குறி போட்டு எழுதினாய். வெளித்தளத்தின் விளிம்பில் பலகைகளைப் பிடித்து நிற்கிற குட்டைச் சுவரில், பலகைக்கும் பலகைக்கும் நடுவே, அடியோடு அடியாக ஒரு ஓட்டை, ஒரு ரூபாய்க் காசு அகலம், மாடிக்கு மாடி ஒரு பக்கத்துக்கு முப்பத்தெட்டு. அதற்கு மட்டும் ஒரு சின்ன வட்டம் போட்டுவிட்டுப் போய்விட்டாயே, மகாராசா. எதற்கு என்று ஒரு வார்த்தை எழுதினால் பேனா தேய்ந்துவிடுமா?

போன வருஷம், ஜூன் மாதம். பன்னிரண்டாம் மாடி ரெக்கார்டு ரூம், ஆள் நடமாட்டம் கிடையாது, வெளித்தளம் முழுக்கப் புறா. அந்த எச்சம் ஊறிய தண்ணீர் ஓட்டை வழியாக இறங்கி, தெற்கு முகம் பூராவும் வெள்ளை வெள்ளையாகக் கோடு, கீழே சேர்மன் கார் நிற்கிற இடத்தில் சேர்மன் இறங்கும் நேரம் பார்த்து ஒரு சொட்டு, அவர் போட்டிருந்த கோட்டின் தோளில். கோவர்த்தனன் சார், கட்டடப் பராமரிப்புக்கு அதிகாரி, கையில் பைலோடு ஓடி வந்தார். சிகாமணி, அது என்ன ஓட்டை, அடைக்கலாமா, இல்ல ஒரு இன்ஜினியரக் கேட்டுடலாமா? அப்போது அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பு ஒன்பது நாளாக அவன் கண் முன்னால் வந்து வந்து நிற்கிறது, பல் வரைக்கும் தெரிகிறது. இன்ஜினியர் எதுக்கு சார், அது சென்ட்ரிங் போல்ட் போட்ட ஓட்டை, காங்கிரீட் போடறப்ப ரெண்டு பக்கத்துப் பலகையையும் இழுத்துப் பிடிக்க போல்ட் விடுவாங்க, பலகையப் பிரிச்சப்புறம் அடைக்கணும், இவங்க மறந்துட்டாங்க, மழைத்தண்ணி தன்னால காஞ்சிடும். கோவர்த்தனன் சார் கண்ணாடிக்கு மேலாக அவனைப் பார்த்த பார்வை! எப்படிய்யா இதெல்லாம் தெரிஞ்சு வெச்சிருக்க? அந்த ஒரு பார்வைக்காக இரண்டு ஞாயிற்றுக்கிழமை சம்பளமில்லாமல் வந்து முப்பத்தெட்டையும் வெள்ளை சிமெண்ட் வைத்துத் தானே அடைத்தான், கொத்தனாரைக்கூட விடவில்லை. போன மழைக்குப் பதினோராம் மாடியில் லேசாக ஓதம். இந்த மழைக்கு வாளி. கன்சல்டன்ட் வந்து மீட்டரை வைத்துப் பார்த்து, அம்பத்து சொச்சம் வருஷத்துக் கட்டடம், காங்கிரீட் உளுத்துப் போச்சு, பலகைகளை எல்லாம் அறுத்து எடுத்துவிட்டு நாலு பக்கமும் நீலக் கண்ணாடி போர்த்திவிடலாம் என்று படம் போட்டுக் கொடுத்தான். படத்தில் கட்டடம் பளபளவென்று மின்னியது, ஊரில் இருக்கிற எல்லாக் கட்டடத்தையும் போல. ஒன்பது நாளைக்கு முன்னால் பேஸ்மென்ட்டில் ஓதம் பிடித்து ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்த இரண்டு வரைபடத் தாள்களை ஆவி காட்டிப் பிரித்தான், வேறெதற்கோ, வடிகால் பைப்பு எங்கே என்று பார்ப்பதற்கு. நாற்பத்தேழாவது தாள். அதுவரை அவன் பார்த்திராத தாள். வெளித்தளத்தின் வெட்டுமுகம். தளம் மட்டமாக இல்லை, ஜன்னலிலிருந்து வெளியே அந்த ஓட்டையைப் பார்த்துச் சரிகிறது, மயிரிழைச் சரிவு, நூற்றுக்கு ஒன்று. போல்ட் ஓட்டைக்கு எவனும் தளத்தைச் சரிக்க மாட்டான். அது தண்ணீர் வெளியேறும் வழி. அந்த மயிரிழைதான் அந்த ஆள் சொன்ன வார்த்தை, மேல் தாளோடு ஒட்டிக்கொண்டு கிடந்தது. காதோரம் குப்பென்று சூடாயிற்று, பேஸ்மென்ட்டில் யாரும் இல்லை, இருந்தாலும் சுற்றிப் பார்த்தான்.

"இன்னாண்ணா, குந்திக்கினே தூங்கறியா?"

லூர்து. ஹவுஸ்கீப்பிங், காசிமேட்டிலிருந்து முதல் ஷேர் ஆட்டோவில் ஆறு மணிக்கு டாணென்று வந்துவிடுவாள், இடுப்பில் செருகிய முந்தானை, கையில் மாப்பு.

"தூங்கல. எண்ணிக்கிட்டிருக்கேன்."

"எத்த?"

"சொட்ட."

"நல்லா எண்ணு. எண்ணி முடிச்சா ஆபீசராக்கிடுவாங்க." வாளியைப் பார்த்தாள். "த பாரு, ரொம்பிக் கீது, தளும்புச்சின்னா நான்தான தொடைக்கணும். ஆமா, கண்ணாடி மாட்டப் போறாங்களாமே? இந்தக் கெழவிக்குக் கூலிங் கிளாசு!" சொல்லிவிட்டுத் தன் பேச்சுக்குத் தானே சிரித்தாள். "மாட்டட்டும், மாட்டட்டும். கண்ணாடின்னா தொடைக்க ஆளு வேணும். என் தங்கச்சி பொண்ணு ஒண்ணு சும்மாதான் கீது."

"ஏன், இப்ப இருக்கறது நல்லால்லையா?"

"நல்லாக் கீது, இல்லன்னு யாரு சொன்னா? ஏப்ரல் மே கரண்டு போனாக்கூட இங்க காத்து வருது, என் ஊட்ல வர்ல. நான் கேக்கறது அது இல்லண்ணா." மாப்பை ஊன்றிக்கொண்டு மேலே அண்ணாந்தாள். "ஒம்போதுல தொடைக்கறேன், எட்டுல தொடைக்கறேன், ஏழுல தொடைக்கறேன். ஒரு பொட்டு ஈரம் கெடையாது. இந்த ஒரு மாடிக்கு மட்டும் இன்னா சாபம்?"

"வயசாயிடுச்சி. காங்கிரீட்டு உளுத்துப் போச்சி. அதான்."

"வயசானா ஒரு மாடிக்கு மட்டுமா ஆவும்? எனக்கு முட்டி வலிச்சா ரெண்டு முட்டியுந்தான வலிக்குது." பதிலுக்குக் காத்திருக்காமல் மேசைக்கடியில் மாப்பை விட்டு இழுத்தாள். "உன்னிய கேட்டா உனக்கே தெர்ல. இந்த பில்டிங்குக்கு மாப்ளன்னு சொல்லிக்கினு திரியற."

முட்டி. இரண்டு முட்டியும்தானே. மீட்டரும் லேசரும் வைத்துக்கொண்டு இரண்டு மாதமாக அலைந்தவர்களுக்குத் தோன்றாத கேள்வி, பினாயில் வாளியோடு போகிறவளுக்குத் தோன்றுகிறது, வாயை மூடுடி என்றுகூடச் சொல்ல முடியாது. அவன் வாளியை மாற்றினான், நிறைந்ததை ஓரமாக வைத்தான், டங், புது வாளி, எரிச்சலாக வந்தது, சொட்டின் மேல், லூர்து மேல், இன்னும் வராத பாஷா மேல், பாஷா பகல் ஷிப்ட் ஆள், ஏழு என்றால் ஏழே முக்காலுக்குத்தான் வருவான், வந்து முதலில் டீ. பகல் ஷிப்ட். அதுதான் விஷயம். நேற்று சாயங்காலம் கோவர்த்தனன் சார் அவனைத் தன் அறைக்குக் கூப்பிட்டு உட்கார் என்றார், இருபத்துமூன்று வருஷத்தில் முதல் தடவை. காகிதத்தை நீட்டினார். கட்டிய நாளிலிருந்தே இந்த இடத்தில் கசிவு உண்டு என்பதை என் நீண்ட அனுபவத்தில் அறிவேன், கீழே கையெழுத்து. "கமிட்டிக்கு ஒரு பழைய ஆள் வார்த்தை வேணும் சிகாமணி, உங்களை விட்டா இங்க பழசு யாரு? வேலை ஆரம்பிச்சதும் சைட்டுக்கு ஒரு சூப்பர்வைசர் வேணும். பகல்ல. ஒன்பதுலேர்ந்து அஞ்சரை. உங்க பேரத்தான் எழுதியிருக்கேன்." அந்த ஓட்டைகளைப் பற்றி அவர் பேசவில்லை. மறந்துவிட்டாரா, மறந்தது மாதிரி இருக்கிறாரா? அவனும் பேசவில்லை. தலையை ஆட்டினான். ஆட்டியதோடு விட்டானா, வெளியே வந்து முதல் காரியமாக மனைவி மரகதத்துக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டான், அவசரக் குடுக்கை. அவள், "நெசமாவா? ஒங்கூட ஒக்காந்து ராத்திரி சோறு துன்னு எத்தினி வருசமாச்சி" என்றாள். பின்னால் என்னவோ சத்தம், என்ன அது என்று கேட்டான். ஜன்னல்ல கட்டின கம்பளியக் கழட்டறேன், என்றாள். அவன் பகலில் தூங்குவதற்காக இருபத்துமூன்று வருஷமாகப் படுக்கையறை ஜன்னலில் ஆணியடித்துக் கட்டியிருந்த கறுப்புக் கம்பளி. வேலை கிடைக்கட்டும், உத்தரவு கைக்கு வரட்டும் என்று ஒரு வார்த்தை கிடையாது, ஸ்டூல் போட்டு ஏறிக் கழற்றிவிட்டாள். இப்போது அந்த அறையில் விடிந்துகொண்டிருக்கும். சுவரில் வெயில் விழுந்து, பாயின் மேல் விழுந்து. இன்றைக்குப் போய் எங்கே படுப்பது?

பன்னிரண்டுக்கு லிப்டில் போகவில்லை, படியேறினான். ஏன் போகிறோம் என்று தனக்கே சொல்லிக்கொள்ளவில்லை, சும்மா பார்க்கத்தான், பார்ப்பதற்கு எதற்குச் சுத்தியலும் உளியும் என்று கேட்டால் அதற்கும் பதில் கிடையாது, டூல் பை எப்போதும் தோளில்தான் கிடக்கிறது. ரெக்கார்டு ரூம் ஜன்னலைத் திறந்ததும் புறாக்கள் ஒருசேர எழும்பின, முகத்தில் ஒரு வீச்சம். காலைத் தூக்கி வெளியே வைத்தான். கணுக்கால் வரை தண்ணீர். ஜில்லென்று ஏறியது. மூன்றடி அகலத்தில், தெற்கு முகம் நீளத்துக்கும் ஒரு வாய்க்கால், அதில் இறகுகள், புறா முட்டை ஓடு, நெளிந்து நெளிந்து கொசுப்புழு, நீர்மேல் முப்பத்தொன்பது பலகைகளும் தலைகீழாக நின்றன. பலகைகளின் இடுக்கில் உற்றுப் பார்த்தால் கீழே ரோடு, ரோட்டில் பால் வண்டி, கீழே பார்க்காதே, கடலைப் பார். கடல் இன்னும் தூங்கி எழாத நிறத்தில். ஒரு கப்பல் ஹாரன், நீளமாக, அலுத்துப்போய். குந்தினான். பேன்ட் நனைந்தது, நனையட்டும். தண்ணீருக்குள் கையை விட்டுத் தடவினான், விரல் அந்த இடத்தைக் கண்டுபிடித்தது, வழவழவென்று, நடுவில் ஒரு பள்ளம். அவனுடைய கட்டை விரல். சிமெண்ட் வைத்துவிட்டு ஒவ்வொன்றையும் கட்டை விரலால் அழுத்தி முடித்திருந்தான், நேர்த்தியாக இருக்கட்டும் என்று. பள்ளத்தில் விரலை வைத்தால் அளவெடுத்த மாதிரிப் பொருந்துகிறது. முப்பத்தெட்டு. இதற்குமேல் காகிதத்தில் வேறு கையெழுத்தா?

இவ்வளவு தண்ணீரையும் தூக்கி வைத்துக்கொண்டு நிற்கிறது பார், இரண்டு மழைக்காலமாக. உளுத்துப்போன காங்கிரீட்டாம். உளுத்திருந்தால் இந்தப் பாரத்துக்கு என்றைக்கோ விரிசல் விட்டு ரோட்டில் கிடந்திருக்கும். சொட்டுச் சொட்டாகத்தானே விடுகிறது, பதினொன்று எண்ணிவிட்டு ஒரு சொட்டு. இதற்குப் போய்க் கண்ணாடி. கண்ணாடி போட்டால் ஜன்னல் திறக்காது, காற்று வராது, பகல் முழுக்க ஏசி, லூர்து கரண்ட் போனால் வேர்த்து வழிந்துகொண்டு, வெயில் நேராக உள்ளே வந்து மேசையில் உட்காரும், அப்புறம் அதற்கு ஒரு திரை, திரைக்கு ஒரு மோட்டார், மோட்டார் கெட்டால் கூப்பிடு சிகாமணியை. அவன்தான் அப்போது சூப்பர்வைசர் ஆச்சே, ஒன்பதிலிருந்து ஐந்தரை, ஏற்கெனவே இருக்கிற காற்றை அறுத்து எடுப்பதை நின்று பார்க்க ஒரு நாற்காலி. சரி, சொன்னால்? சார், இது என் தப்பு. சொன்ன அன்றைக்கே கான்ட்ராக்டில் ஆளை மாற்றுவார்கள். ஐம்பத்திரண்டு வயசில் எவன் எடுப்பான், சர்ட்டிபிகேட் எங்கே என்று கேட்பான், என்ன காட்டுவது, நாற்பத்தேழாவது தாளையா? ஆனால் அதுகூட இல்லை. வேலை போவதுகூட இல்லை. கோவர்த்தனன் சார் கண்ணாடிக்கு மேலாக இன்னொரு தடவை பார்ப்பார், அதுதான். ஓ, உனக்கும் தெரியாதுதானா. பத்தாவது பெயிலுதானே. அந்தப் பார்வை வரக் கூடாது என்பதற்காக ஒரு கட்டடத்தின் முகத்தையே உரித்துவிடலாமா? ஏன் கூடாது, இது என்ன உன் மாமனார் வீடா, உன் பேர் இதில் எங்காவது இருக்கிறதா, கே.எஸ். என்றிருக்கிறது, அவன் மாதிரி உனக்கும் ஒரு மூலை உண்டா? இல்லை. கட்டை விரல்தான் உண்டு. இரண்டு முட்டியும்தான வலிக்குது. எரிச்சல் எங்கிருந்தோ கையில் இறங்கியது, தண்ணீருக்குள் உளியை வைத்து இரண்டு தட்டு, மூன்றாவது தட்டில் உளி சர்ரென்று உள்ளே போயிற்று, அவன் உருவியதும் தண்ணீருக்கு அரை நொடி ஒன்றும் புரியவில்லை, பிறகு ஒரு சுழி, சின்னதாக, பிறகு கொடகொடவென்று ஒரு சத்தம், ரொம்ப நாள் பேசாமல் இருந்த ஆள் தொண்டையைச் செருமுவது போல. பன்னிரண்டு மாடிக்குக் கீழே செக்யூரிட்டி தாமோதரன், "எவன்டா அது மேலேர்ந்து ஊத்தறது!" என்று கத்துவது பொடியாகக் கேட்டது.

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடுத்த ஓட்டை, அடுத்தது, நாலு, ஐந்து, ஒவ்வொன்றாக, கை பழகிவிட்டது, இரண்டு தட்டு ஒரு உருவல். ஆறாவதில் சுத்தியல் நின்றது. ஏனென்றால் அப்போதுதான் அது தோன்றியது, வேண்டாத விருந்தாளி மாதிரி, நிதானமாக உள்ளே வந்து உட்கார்ந்தது. திறந்துவிட்டால் தண்ணீர் போய்விடும், நாளை மறுநாள் சொட்டு நின்றுவிடும், ஆனால் ஒன்பதரைக்கு ஈரம் இருக்கும், அந்த இந்தியா வரைபடம் எங்கே போய்விடும், கமிட்டி பார்க்கும், அவன் கையெழுத்தைப் போடலாம், கண்ணாடி வரும், பகல் வரும், மரகதம் கழற்றிய கம்பளி கழற்றியதாகவே இருக்கும். யாருக்கும் தெரியப் போவதில்லை. திறந்த ஓட்டையைப் பார்த்து யார் கேட்கப் போகிறார்கள், எல்லா மாடியிலும்தான் ஓட்டை இருக்கிறது. ச்சே. திறந்துவிட்டால் ஒரு முடிவு வந்துவிடும் என்றுதானே தட்டினாய், வரவில்லை, தண்ணீர் பாட்டுக்குப் போகிறது, நீ அங்கேயேதான் நிற்கிறாய், கால் வேறு ஊறுகிறது.

உள்ளே வந்தான். வேலை ஒன்று செய்தால் லாக் புக்கில் எழுத வேண்டும், அது அவனுடைய பழக்கம், வேறெவனும் செய்வதில்லை, பல்பு மாற்றினாலும் எழுதுவான், யாரும் படிப்பதில்லை என்று தெரிந்தும். பெரிய பச்சை நோட்டு, பக்கத்துக்குப் பக்கம் எண் அச்சடித்தது, கிழித்தால் காட்டிக்கொடுத்துவிடும். பைக்குள்ளிருந்து எடுத்து ரெக்கார்டு ரூம் மேசையில் விரித்தான். தேதி. நேரம் 6.40. இடம், பன்னிரண்டாம் தளம், தெற்கு வெளித்தளம். வேலை, அடைபட்ட ஓட்டைகள் திறப்பு, இதுவரை 5. அதற்கு அடுத்த கட்டம், காரணம். பேனா அங்கே நின்றது. காலியாக விட்டுவிடலாம், நிறையப் பேர் விட்டிருக்கிறார்கள். காரணம் என்ற அந்த வெற்றுக் கட்டத்தைப் பார்த்தபடி நின்றான், ஈரப் பேன்ட்டிலிருந்து தரையில் சொட்டிக்கொண்டிருந்தது, ஒன்று, இரண்டு, மூன்று. ஒன்பது நாளாக ஒருவனைத் திட்டுகிறாயே, எதற்கு என்று ஒரு வார்த்தை எழுதினால் பேனா தேய்ந்துவிடுமா என்று. இருபது வருஷம் கழித்து எவனோ ஒருவன், உன்னை மாதிரி ஒரு அரைகுறை, தூக்கம் வராமல் இந்த நோட்டைப் புரட்டுவான். அவன் உன்னை என்ன சொல்லித் திட்டுவான்? எழுதினான். இவை மழைநீர் வெளியேறும் வழி. சென்ட்ரிங் ஓட்டை என்று தவறாக நினைத்து அடைத்தது நான். பதினோராம் தளக் கசிவுக்கு இதுவே காரணம். வரைபடம் 47 பார்க்க. அடைக்கக் கூடாது. கடைசி வார்த்தைகளுக்கு அடியில் இரண்டு கோடு. தெய்வசிகாமணி என்று முழுதாகக் கையெழுத்துப் போட்டான், கை பழகாத பெயர், சி கொஞ்சம் கோணிப் போயிற்று.

போன் அடித்தது. கோவர்த்தனன் சார். ஏழு ஐந்து.

"சிகாமணி, கையெழுத்துப் போட்டாச்சா? ட்ராபிக்ல இருக்கேன், வந்ததும் வாங்கிக்கறேன்."

"சார், அந்த ஓட்டை சென்ட்ரிங் ஓட்டை இல்ல சார்."

"எந்த ஓட்டை?"

"பன்னெண்டாவது மாடில நான் அடைச்சது. அது தண்ணி போறதுக்கு சார். நான்தான் தப்பாச் சொல்லிட்டேன். கட்டடத்து மேல குத்தம் இல்ல."

அந்தப் பக்கம் ஒரு பஸ் ஹாரன் அடித்து ஓய்ந்தது. பிறகு குரல் தாழ்ந்தது. "இத வேற யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"சொல்லல சார். லாக் புக்குல எழுதிட்டேன்."

"யாருய்யா உன்ன எழுதச் சொன்னது?"

யோசித்தான். உண்மையிலேயே யோசித்தான். "வேலை செஞ்சா எழுதறதுதான சார்" என்றான்.

"ஒன்பதரைக்கு அவங்கள்லாம் வந்து நிக்கும்போது நான் என்னத்தச் சொல்ல? எங்கயும் போவாதே. அங்கயே இரு." கட்.

எங்கே போவது? கம்பளி இல்லாத அறைக்கா? மரகதத்துக்கு இப்போதே போன் செய்யலாம், வேண்டாம், இன்னும் இரண்டு மணி நேரம் அவள் வெயிலைப் பார்த்துக்கொண்டிருக்கட்டும், எப்படியும் இன்றைக்குச் சாயங்காலத்துக்குள் ஸ்டூலில் ஏறித் திரும்பவும் ஆணியில் மாட்ட வேண்டியிருக்கும், அல்லது ராத்திரி ஷிப்டும் இல்லாமல் போய் மாட்டவே வேண்டாமோ என்னவோ, அதை நினைத்தபோது பயம் வந்ததா கோபம் வந்ததா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை, இரண்டுக்கும் ஒரே இடத்தில்தான் வலிக்கிறது. பையிலிருந்த காகிதத்தை எடுத்துப் பார்த்தான், நனைந்திருந்தது, லாக் புக்கில் அந்தப் பக்கத்துக்கு அடையாளமாகச் செருகினான். படியிறங்கிப் பதினொன்றுக்கு வந்தான். லூர்து பாதி ஹாலை முடித்திருந்தாள், ஈரத்தில் மாடுகன்றுக்கு வழி விடுவதுபோல ஒரு ஓரம் மட்டும் அவனுக்கு விட்டிருந்தாள்.

"இன்னாண்ணா, குளிச்சிட்டு வந்தியா?"

"லூர்து, நீ சொன்னது சரி. வயசு இல்ல. நான்தான் அடச்சேன்."

அவள் மாப்பைப் பிழிந்துகொண்டே அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "அப்ப கூலிங் கிளாசு கெடையாதா?"

"தெரியாது."

"தங்கச்சி பொண்ணு வேலையக் கெடுத்திட்டியே, போ" என்றாள், ஆனால் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டபோது சிரித்த மாதிரிதான் இருந்தது.

டப். வாளி பாதி. நிறைந்த வாளியைத் தூக்கிக்கொண்டு கழிப்பறைக்குப் போய்க் கவிழ்த்தான், கழுவினான், கொண்டு வந்து பாதி வாளியை இழுத்துவிட்டுக் காலியானதை அந்த இடத்தில் வைத்தான். இழுக்கும் இடைவெளியில் ஒரு சொட்டு கையில் விழுந்தது. பிறகு குந்தினான். ஒன்று, இரண்டு. இன்னும் முப்பத்துமூன்று ஓட்டைகள் இருக்கின்றன, உளியைத் தீட்ட வேண்டும், பாஷா வந்தால் டீ வாங்கி வரச் சொல்லலாம். எட்டு, ஒன்பது, பத்து, பதினொன்று. பன்னிரண்டு. மேலே பார்த்தான். பதின்மூன்று, பதினாலு.

டங்.

வாளியை இழுத்தபோது தரையில் தெறித்ததைத் துடைப்பதற்குத் துணியை எடுத்தான்.